பொருந்தாத சாவி

அந்தக் கட்டடத்து வயசானவர்கள் வீட்டுச் சாவியை ஒருவரிடம் ஒருவர் கொடுத்து வைத்திருந்தார்கள். யாராவது விழுந்தால் இன்னொருவர் திறந்து தூக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தனியாக இருந்த சலவைக்கூடத்து அக்கா மட்டும் இதை நம்பவில்லை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் டாக்டர்களின் கோட்டுகளைப் பை துழாவித் துவைத்தவள். அதற்குள் இருந்ததையெல்லாம் பார்த்தவளுக்கு யார்மேல் நம்பிக்கை வரும்?

"ஒத்தாசைன்னு சொல்லிட்டு பீரோவக் குடைவாங்க" என்று நினைத்தாள். நச்சரிப்பு தாங்காமல், எதிர்வீட்டு லாரிக்காரரிடம் ஏதோ பழைய பூட்டின் சாவியைக் கொடுத்து ஒப்பேற்றினாள்.

ஒருநாள் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு அசையவில்லை. அரை மணி நேரத்தில் வாசலில் சாவி கடகடத்தது.

"சுத்தவே மாட்டேங்குதே" என்றார் லாரிக்காரர்.

"எண்ணெய் விடுங்கண்ணே" என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்காரி.

விட்டார்கள். உள்ளே கிடந்தவளை வலியைவிட வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயைத் திறக்காவிட்டால் சாயங்காலம்வரை எண்ணெய்தான் விடுவார்கள்.

"அண்ணே, அது இந்தக் கதவோட சாவி இல்ல. ஒடச்சிருங்க" என்று கத்தினாள்.

வெளியே சாவியை உருவும் சத்தம் கேட்டது.

"அடிப்பாவி" என்றார் லாரிக்காரர். இரண்டே இடியில் பூட்டு பெயர்ந்தது.

தையல்காரி போர்வையோடு உள்ளே வந்தாள். "ஏழு மணிக்கு உன் ரேடியோ அலறும். இன்னைக்கு சத்தத்தக் காணோமேன்னு ஓடியாந்தோம்."

"அப்போ தினமும் என் வீட்ட ஒட்டுக்கேக்குறீங்களா?"

"ஆமாடி, கேக்குறோம். மொதல்ல கையக் குடு."

அக்கா கையைக் கொடுத்தாள். கொடுப்பதற்குமுன் அதிலிருந்த மோதிரத்தைக் கழற்றி மறுகையில் போட்டுக்கொண்டாள்.