விளங்கேல்லை

டெல்லியில் எனக்கு அறை கிடைக்காமல் போனதற்குக் காரணம் என் முகம் அல்ல, என் பாஸ்போர்ட். முகத்தைப் பார்த்த வீட்டுக்காரர்கள் "மதராசியா?" என்று கேட்டு, சாம்பாரைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்து, அறையைத் திறந்து காட்டினார்கள். பாஸ்போர்ட்டை எடுத்ததும் சிரிப்பு நின்றது. வெளிநாட்டுக்காரியை வைத்தால் போலீஸில் பதிய வேண்டும், அந்த அலைச்சல் எங்களுக்கு எதற்கு என்று கதவைச் சாத்தினார்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து பொருளாதாரம் படிக்க வந்தவள். விடுதியில் இடம் முடிந்துவிட்டது. ஒரு வகுப்புத் தோழியின் அறையில் தரையில் படுத்துக்கொண்டு அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தால், "இருக்க இடமில்லாட்டி வெளிக்கிட்டு வா பிள்ளை. இஞ்சயும் படிப்பிக்கினம்தானே" என்றார். அப்பா அன்பாகத்தான் சொன்னார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போன இடத்தில்தான், பிறகு நான் அன்ரி என்று கூப்பிடத் தொடங்கிய அந்த ஆன்ட்டியைச் சந்தித்தேன். தூத்துக்குடிக்காரர், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் மஸ்கட்டில் வேலை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுடன் சரோஜினி நகர் சந்தைக்குப் பின்னால் சொந்த வீட்டில் இருந்தார். என் கதையைக் கேட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னார். மகளுக்குத் தமிழ் வரவில்லை. போன முறை ஊருக்குப் போனபோது கணவரின் அக்கா, எல்லோர் முன்னாலும், "என் தம்பி வீட்ல ஒரு இந்திக்காரி வளருதா" என்று சொல்லிவிட்டார். அன்ரி அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அது அவருக்கு இன்னும் செமிக்கவில்லை.

"எங்க வீட்ல வந்து இரு. போலீஸ் பேப்பர்ல இப்போதைக்குக் கிறிஸ்மஸ் வரைக்கும்னு கையெழுத்துப் போடுதேன். கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போறோம். அதுக்குள்ள அவ நாலு வார்த்தை தமிழ் பேசிட்டான்னா, நீ படிப்பு முடியுத வரைக்கும் இரு. இல்லன்னா வேற இடம் பாத்துக்கணும்மா. டியூட்டியும் பாத்து, உனக்காகப் போலீஸ் ஸ்டேஷனும் ஏற என்னால முடியாது" என்றார்.

ஆழம் தெரியாமல் காலை விட்டேன். தமிழ் சொல்லிக்கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மகள் கெட்டிக்காரி. ஆனால் அவளுடைய தமிழ் "எனக்கு பூக் லகுது" என்ற அளவில் நின்றது. பசி என்ற சொல் அவளுக்குத் தெரியும், அது வாய்க்கு வந்து சேர்வதற்குள் இந்தி முந்திக்கொள்ளும். புத்தகத்தை எடுத்தால் கொட்டாவி விட்டாள். அதனால் புத்தகத்தை மூடிவிட்டு, பால்கனி வெயிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்தபடி கதைத்தோம். பதிலுக்கு அவள் எனக்குச் சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு இந்தி சொல்லிக்கொடுத்தாள். ஒரு நாள் தள்ளுவண்டிக் காய்கறிக்காரர் "ஆதா கிலோ?" என்று, அரைக் கிலோவா எனக் கேட்க, நான் எங்கள் ஊர் வழக்கப்படி "ஓம்" என்றேன். ஆம் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் தராசை வைத்துவிட்டுக் கைகூப்பி, பக்தியோடு "ஓம்" என்றார். அதற்கென்று ஒரு முள்ளங்கி கூடுதலாக விழுந்தது. அன்றிலிருந்து மகளும் எல்லாவற்றுக்கும் "ஓம்" சொல்லத் தொடங்கினாள். முதலில் கேலிக்கு, பிறகு பழக்கத்தில்.

அவள் பேசத் தொடங்கினாள், ஆனால் என்னிடம் மட்டும். அம்மா வந்தால் இந்திக்குத் தாவிவிடுவாள். அன்ரி வேகமாக, எங்கள் சொல்லில் கெதியாக, பேசுவார், தூத்துக்குடிச் சொற்களை அள்ளிப் போடுவார், மகள் "க்யா?" என்பாள், அன்ரியும் அலுத்துப்போய் இந்தியில் முடித்துவிடுவார்.

டிசம்பர் தொடங்கியது. ஒரு மாலை டியூட்டி முடிந்து வந்த அன்ரி, சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டார். "என்னம்மா, அவ எப்படி இருக்கா? தேறுவாளா?"

நான் உண்மையைச் சொன்னேன். "இன்னும் வடிவா விளங்கேல்லை அன்ரி. போகப் போக நல்லா விளங்கும்."

அன்ரியின் கை மாவிலேயே நின்றது. "சாப்பிட்டுப் படு" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலை, காலணி மாட்டியபடி என் முகத்தைப் பார்க்காமல், "வேற இடம் பாத்துக்கம்மா. கிறிஸ்மஸ் வரைக்கும்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

என்ன பிழை விட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னதற்கா இந்தக் கோபம் என்று எனக்கும் கோபம் வந்தது. வகுப்புக்குப் போகாமல் பெட்டியைக் கட்டினேன். அப்பாவுக்கு என்ன சொல்வது என்று நினைத்தபோது அழுகை வந்தது, அழுதேன்.

அன்று மாலை சமையலறையில் அன்ரியின் குரல் உயர்ந்தது. மகளுக்குத்தான் அர்ச்சனை. எனக்குக் கேட்கட்டும் என்றே பேசினார்.

"உனக்காகத்தான அவளக் கூட்டியாந்தேன். எங்கிட்டயே வந்து, உம்மக வெளங்கலங்கா. இனிமே நல்லா வெளங்குமாம். நக்கலப் பாரு. என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு என் பிள்ளைக்கே சாபம் போடுதா."

எங்கள் ஊரில் விளங்குவது என்றால் புரிவது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. அன்ரியின் ஊரில் விளங்காதவள் என்றால் உருப்படாதவள் என்பதும், "நல்லா வெளங்கும்" என்றால் குடி முழுகிப் போகும் என்று நக்கலாகச் சொல்வது என்பதும் எனக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. எழுந்து கதவருகே போவதற்குள் மகளின் குரல் கேட்டது.

"அம்மா, நீங்கள் கெதியாக் கதைக்கிறீங்கள். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"என்னது?" என்றார் அன்ரி.

"விளங்கேல்லை. மத்லப், சமஜ் நஹீ ஆயா."

இரண்டு தமிழருக்கு நடுவே இந்தி வந்து உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசியது. அன்ரி என் அறைக்கு வந்தார். கட்டிய பெட்டியைப் பார்த்தார், என் வீங்கிய கண்களைப் பார்த்தார்.

"புரியலன்னா நீ சொன்ன?"

"ஓம் அன்ரி. வேற என்ன சொல்லுவன்?"

கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "வார்டுல வச்சு ஒரு நாள் முழுக்க அழுதேன்ட்டி" என்றார். பிறகு நினைவு வந்தவராக மகளைத் திரும்பிப் பார்த்தார். இந்தி கலக்காமல் மகள் அவரிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். அது தூத்துக்குடித் தமிழாக இல்லாதது அவருக்குச் சற்றுக் குறையாக இருந்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் பேச்சு பேச்சுதான், கிறிஸ்மஸ் முடிந்துதான் முடிவு என்றார். இருவரும் ஊருக்கு ரயில் ஏறினார்கள். பூசைக்குத் தனியாகப் போய், வீட்டுக்கு வந்து, ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டெல்லிக் குளிரை முதன்முதலாகத் தனியே சமாளித்தேன். குளிரைவிடப் பயம்தான் அதிகம். அவள் அங்கே போய் இந்தியில் பேசினாலும் என் கதை முடிந்தது, என் தமிழில் பேசினாலும் முடிந்தது என்று தோன்றியது. பெட்டியைப் பிரிக்கவில்லை. தேவையான உடுப்பை மட்டும் மேலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்த அன்று மகள் தூத்துக்குடி மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். அன்ரி ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"அன்னைக்கு இந்திக்காரின்னு சொன்ன மதினிதான் கேட்டாவ, சாப்பிட்டியாட்டின்னு. இவ சொல்லுதா, ஓம் அத்தை, சாப்பிட்டனான்னு. வீடே சிரிச்சுது. மதினி என்னப் பாத்து, முந்தி இந்தி, இப்ப சிலோனா, ஒங்க வீட்ல யாருமே தமிழ் பேச மாட்டியளான்னு கேட்டாவ."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"என் பிள்ள பேசுதது தமிழ்தான் மதினி, ஒங்களுக்குத்தான் வெளங்கலன்னேன்."

"எந்த அர்த்தத்தில சொன்னீங்கள் அன்ரி?"

"ஒங்க ஊரு அர்த்தத்துலதான் சொன்னேன். அவங்க எடுத்துக்கிட்டது எங்க ஊரு அர்த்தத்துல. அதுக்கு நான் என்ன பண்ண?" என்றார். சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

எழுந்து போகும்போது என் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னும் ஏன் பெட்டி கட்டியே கெடக்கு? துணிய எடுத்து அலமாரில வை. நாளைக்கு டியூட்டி முடிஞ்சதும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயி, நீ படிப்பு முடியுத வரைக்கும்னு பேப்பர மாத்திட்டு வந்துருவோம். விளங்குதா?"

"விளங்குது அன்ரி" என்றேன்.