மூன்று ஊருக்கும் ஒரே மழை

ரோடும் கால்வாயும் போடும் ஓவர்சியரை வெயில் காலத்தில் யாரும் நினைப்பதில்லை. நாலு தூறல் போட்டால் போதும், அவன் பெயர் ஊரெல்லாம் அடிபடும். மழைத் தண்ணீரோடு மாரடித்த சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஐம்பதுகளில் ஓசூரில் அந்த வேலையைப் பார்த்தவன் நான்.

கடைவீதி வடிந்தது

மழை பெய்தால் கடைவீதியில் முழங்கால் தண்ணீர் நிற்கும். வந்த புதிதில் கால்வாயை அகலப்படுத்தி, கல் பதித்து, நேராகப் பள்ளத்தில் கொண்டுபோய் விட்டேன். அடுத்த மழையில் அரை மணியில் தெரு வடிந்தது. ஜவுளிக்கடைச் செட்டியார் மாலையே போட்டுவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பள்ளத்து ஊரிலிருந்து முனியப்பா வந்தார். கையில் அழுகிய ராகி நாற்று. இன்னொரு மழை இப்படி வந்தால் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊத்தங்கரையில் மச்சான் வீட்டுக்கே போய்விடுவதாகச் சொன்னார். பிறகு நிதானமாகக் கேட்டார்:

"கடைவீதியில காணாம போன தண்ணி எங்கூட்டுக்குள்ள இருக்குதுங்க. வந்து எடுத்துக்கினு போறீங்களா?"

என் ரோடு

மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த மழையில் குடையை எடுத்துக்கொண்டு முனியப்பாவுடன் மேட்டுப் பக்கம் நடந்தேன். மேல் ஏரியிலிருந்து வழிந்த தண்ணீர் ஓர் இடத்தில் ரோட்டை முட்டிக்கொண்டு நின்றது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சின்ன ஏரி பாதி காலியாகக் கிடந்தது. போக வழியில்லாத தண்ணீர் கடைவீதிப் பக்கம் திரும்பி ஓடியது.

வேலைக்கு வந்த கோடையில் அங்கிருந்த பழைய ஓடையைப் பார்த்து, 'இதில் எங்கே தண்ணீர் வரப்போகிறது' என்று மண்ணைக் கொட்டி மூடி ரோடு போட்டது யார்? அடியேன்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒப்புக்கொண்டேன். முனியப்பா சிரித்தார்:

"தண்ணிக்கு வழி தெரியுதுங்க. உங்களுக்குத்தான் யாரும் சொல்லல."

புல்பத்தை

ரோட்டை வெட்டிப் பாலம் கட்டினேன். கடைவீதிக் கால்வாயையும் சின்ன ஏரிக்கே திருப்பினேன். மிச்சம் இருந்தது மேல் ஏரி. முதல் மழை விழுந்ததும் அந்த ஏரிக்கரை ஊர்க்காரர்கள், ஏரி நிரம்பினால் வழியும் கலங்கின் மேல் மண்ணோடு பெயர்த்த புல்பத்தைகளை அடுக்கிவிடுவார்கள். ஒரு சாண் தண்ணீர் கூடுதலாக நிற்கும். பெருமழையில் பத்தை பிய்த்துக்கொண்டால் அத்தனையும் ஒரே மூச்சில் கீழே வரும்.

எடுக்கச் சொன்னால், "செட்டியாரு துணி நனையக் கூடாதுன்னு எங்க பயிரு காயணுமா?" என்றார் ஊர்ப் பெரியவர் திம்மப்பா. நியாயம்தானே! அந்தக் கோடையில் ஏரியைத் தூர் வாரி ஆழமாக்கினோம்; இனிப் பத்தை இல்லாமலே அத்தனை தண்ணீரும் நிற்கும். வண்டல் அவர்கள் வயலுக்கே போனது. திம்மப்பா தன் கையாலேயே பத்தைகளைப் பிடுங்கிப் போட்டார்.

"எடுத்துட்டேன் ஓவர்சியரே. ஏரியில தண்ணி கொறைஞ்சுதுன்னா உங்களத்தான் தூக்கிக் கலங்குல வெப்பேன்."

பெருமழை

ஐப்பசியில் வந்தது. காலை முதல் பாலத்தடியில் நின்றேன். மேல் ஏரி நிரம்பி அமைதியாக வழிந்தது. சின்ன ஏரி வாங்கிக்கொண்டது. பள்ளத்து ஊருக்கு ஓடினேன். முனியப்பா வீட்டு வாசல்படி நனையவில்லை. பின்னால் ராகி நிமிர்ந்து நின்றது. ஊத்தங்கரைக்குக் கட்டி வைத்திருந்த மூட்டையை அவர் மனைவி பிரித்துக்கொண்டிருந்தார். சொல்ல வெட்கமில்லை, கண் கலங்கிவிட்டது.

பெருமிதத்தோடு கடைவீதிக்குத் திரும்பினேன். செட்டியார் கணுக்கால் தண்ணீரில் நின்றபடி முறைத்தார்:

"முன்ன அரை மணியில வடிஞ்சது, இப்ப ஒரு மணி ஆவுது. வேலையில அக்கறை கொறைஞ்சுபோச்சே சார்!"

கலங்கில் தண்ணீர் வீணாக வழிகிறதென்று திம்மப்பாவும், கிணறு நிறையவில்லை என்று முனியப்பாவும் மறுநாள் வந்து நின்றார்கள். ஒரே ஊர் மாலை போட்டபோது தப்பு செய்திருந்தேன். மூன்று ஊரும் ஆளுக்குக் கொஞ்சம் முணுமுணுத்தபோதுதான் தண்ணீரைச் சரியாகப் பங்கிட்டிருந்தேன் என்று இன்றைக்கும் மார்தட்டிக்கொள்கிறேன்.