பெரம்பலூரிலிருந்து அரியலூர் ரயிலடிக்குப் பத்தொன்பது மைல்

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து விழுப்புரம் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் போனது 1945 ஜூன் மாதம். எழுதுவதற்கு நாலு வருஷம் ஆகிவிட்டது.

என் மகள் செல்லத்துக்கு விழுப்புரத்தில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குள் நேரில் வராவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று கடிதத்தில் கண்டிருந்தது. எங்கள் ஊரில் ரயில் கிடையாது. பத்தொன்பது மைல் கிழக்கே அரியலூரில்தான் ஏற வேண்டும். காலை ஒன்பதே முக்காலுக்கு ஒரு பாசஞ்சர். பகலில் ஓடிய இன்னொன்றைச் சண்டைக்காலத்தில் நிறுத்திவிட்டார்கள்.

ஊரில் ரயில் இல்லாததில் எனக்கும் பங்கு உண்டு. சண்டைக்கு முன்னால் ஓர் அதிகாரி வந்து வியாபாரிகளைக் கூட்டி, அரியலூரிலிருந்து கிளைப்பாதை போட்டால் ஜனங்கள் ஏறுவார்களா என்று விசாரித்தார். அப்போது நானும் இரண்டு பேரும் கூட்டாக ஒரு பஸ் விட்டிருந்தோம். நான்தான் முதலில் எழுந்தேன். "எங்களுக்கு பஸ்ஸு போதுங்க. ரயிலு வுட்டா காலியாத்தான் ஓடும்" என்றேன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவர் குறித்துக்கொண்டு போனார். என் பேச்சினால் மட்டுமே பாதை நின்றுபோனது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேசியவன் நான்.

பிறகு பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. பஸ்ஸின் பின்னால் ஆள் உயர இரும்பு உருளையைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியை எரித்து, வருகிற வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். நான் என் பங்கை விற்றுவிட்டேன். அதே பஸ்ஸில்தான் அந்தத் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, ஆளுக்குப் பத்தணா கொடுத்து ஏறினோம். டிரைவர் லப்பைக்குடிக்காட்டுக் காதர் பாய். என்னிடம் வேலை பார்த்தவர்.

பேரளி வரை ஒழுங்காக வந்தது. அதைத் தாண்டி ஒரு மேட்டில், ஏழே முக்காலுக்கு நின்றுவிட்டது. காதர் பாய் உருளையைத் திறந்து பார்த்தார். "கரி ஈரமுங்க மொதலாளி. காய வச்சுப் போட்டாத்தான் வாயு புடிக்கும். பதறாதீங்க, அல்லா இருக்கான்" என்றார். அரியலூருக்கு இன்னும் ஐந்து மைல்.

பின்னாலேயே ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டிக்காரர் செல்லத்தின் டிரங்குப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ரயிலுக்குங்களா? ஏறுங்க, ஒம்பதரைக்குள்ள கொண்டாந்து வுட்டுர்றேன்" என்றார். செல்லம் பெட்டியைத் தூக்கிவிட்டாள்.

"பஸ்ஸு இதோ கெளம்பிடும். மாட்டுவண்டிய நம்பி எறங்குறதா? கீழ வைம்மா" என்றேன். வைத்துவிட்டாள்.

பஸ் கிளம்பியபோது ஒன்பதே கால். இரண்டு மேடுகளில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அரியலூர் ஸ்டேஷன் வாசலில் நின்றபோது மணி பத்தாக இன்னும் பத்து நிமிஷம். தண்டவாளத்தில் புகை மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. வேப்பமரத்தடியில் அந்த வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்துத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வண்டி மாலை ஐந்து மணிக்குத்தான். ஸ்டேஷன் மாஸ்டரிடம், "பகல் வண்டிய மறுபடி வுடுவாங்களா சார்?" என்று கேட்டேன்.

"ஏர்றதுக்கு ஆள் இருக்குன்னு தெரிஞ்சா வுடுவாங்க. நாளைக்கே பெட்ரோல் வந்துட்டா நீங்க எல்லாரும் பஸ்ஸுக்குப் போயிடுவீங்க. அப்புறம் யாருக்காக வுடுறது?" என்றார்.

மாலை வண்டியில்தான் போனோம். செல்லத்துக்கு அதுதான் முதல் ரயில் பயணம். ஜன்னலை விட்டு நகராமல் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை பள்ளியின் தலைமை அம்மாள் கடிதத்தைப் படித்துவிட்டு, "நேத்தே வேற பொண்ணச் சேத்தாச்சே" என்றார். திரும்பும்போது செல்லம் ஜன்னலோரம் உட்காரவில்லை. அடுத்த தை மாதம் அவளைப் பூலாம்பாடியில் கட்டிக்கொடுத்தோம். நன்றாகத்தான் இருக்கிறாள்.

இப்போது பெட்ரோல் தாராளம். அரியலூருக்கு ஒரு நாளைக்கு நாலு பஸ். பகல் ரயில் திரும்பி வரவே இல்லை. போன மாதம் கிளைப்பாதை கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதிக் கடைத்தெருவில் கையெழுத்துக்கு அலைந்தேன். "அன்னிக்கு வேணாம்னது நீங்கதானுங்களே?" என்றார் ஒரு மளிகைக்கடைக்காரர். ஆமாம் என்றேன். பதினோரு பேர் போட்டார்கள். காதர் பாயும் போட்டார். ரயில் வந்தால் முதலில் பிழைப்புப் போவது அவருக்குத்தான். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். கிளைப்பாதை வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

போகிறவர்களுக்கு: ரயில் நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், வழியில் கடை குறைவு. முக்கியமான காரியம் என்றால் முதல் நாள் மாலையே அரியலூர் போய், ரயிலடிக்குப் பக்கத்துச் சத்திரத்தில் தங்கிவிடுங்கள். செல்லம் அப்படித்தான் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமையே பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, "இன்னிக்கே போயிடலாமாப்பா?" என்றாள். காலை பஸ் போதும் என்று நான்தான் சொன்னேன்.