நீலம் காதில் விழாது

போன வாரம் கைப்பேசியைச் சுவரில் எறிந்தேன். கோபம் எனக்குப் புதிதில்லை, கைப்பேசிதான் புதிது. துணி துவைக்கும் மெஷின் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. அதன் கையேட்டைத் திறந்தால் “மேலும் அறிய இங்கே” என்று நீலத்தில் ஒரு வரி. எங்கே ஐயா இங்கே? தொட்டேன். வேறெங்கோ போய் விழுந்தேன். அங்கே இன்னொரு “இங்கே”. திரும்பினால் படித்துக்கொண்டிருந்த வரிக்கு வராமல் முதல் பக்கத்தில் வந்து நிற்கிறது. வீடெல்லாம் சோப்புத் தண்ணீர். என் வீட்டுக்காரர் துடைப்பத்தோடு வந்து, “அந்தப் பழைய சண்டைய நீ இன்னும் விடலியா?” என்றார். விட்டால்தானே!

பழைய சண்டை என்றால், தஞ்சாவூரில் அறுவடை மெஷின் விற்கும் கம்பெனி ஒன்றில் போட்டது. மெஷின்களின் கையேடுகளைத் தமிழில் எழுதி, கைப்பேசியில் படிக்கும்படி அடுக்கித் தருவது என் வேலை. கேட்கவே சப்பென்று இருக்கிறதல்லவா? நான் அதில் உயிரை விட்டேன். கீழே பட்டறை, மாடியில் ஆபீஸ். டீசலும் கிரீஸும் ஈர வைக்கோலும் கலந்த வாடை படியேறி வரும். இன்றைக்கும் திருக்காட்டுப்பள்ளி ரோட்டில் அந்த வாடை அடித்தால் எனக்கு ஒரு கையேட்டு மெனுதான் கண்முன் நிற்கிறது. மற்றவர்களுக்கு மல்லிகை, தாழம்பூ என்று என்னென்னவோ இருக்கும். எனக்கு வாய்த்தது இது.

என் கட்சி ரொம்பச் சின்னது. மெனுவில் “பராமரிப்பு” என்று மொட்டையாகப் போடக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறதென்று பக்கத்திலேயே ஒரு வரி வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவதானால், “முதலில் பார்க்க: இன்ஜினை நிறுத்தும் முறை” என்று முழுசாகச் சொல்ல வேண்டும். அதையும் வேலைக்கு முன்னால் சொல்ல வேண்டும், பின்னால் அல்ல. எங்கள் மேலாளர் சந்திரமோகன் சாருக்கு இது ஆகாது. அவருக்குப் பக்கம் பளிச்சென்று இருக்க வேண்டும்.

“பார்க்க, பார்க்கன்னு எழுதி வச்சா ஏல நோட்டீஸ் மாதிரி இருக்கும்மா. அந்த வார்த்தையையே நீலமாக்கிடுங்க. வேணுங்கிறவன் தொட்டுப் பாத்துக்குவான்.”

“சேத்துல நிக்கிறவன் எந்தக் கையால சார் தொடுவான்?”

“உங்ககிட்ட பேச முடியாதும்மா” என்று அவரே உட்கார்ந்து என் வரிகளை அழித்தார். “அடைப்பை நீக்கவும்” என்ற இரண்டு வார்த்தைகள் நீலமாயின. எச்சரிக்கை அவற்றுக்குப் பின்னால் தனிப் பக்கமாகப் போய்விட்டது. நான் கத்திவிட்டுக் கீழே போய் டீ குடித்தேன்.

வயலில் கையேடு படிக்கும் விதத்தை அவர் பார்த்ததில்லை. டிரைவர் கை முழுக்க கிரீஸ், கால் முழுக்கச் சேறு. அதனால் வரப்பில் ஒருவர் நின்று கைப்பேசியைப் பார்த்து உரக்கப் படிப்பார். டிரைவர் காதால் கேட்டுக் கையால் செய்வார். எங்கள் பக்கத்தில் எல்லா மெஷினுக்கும் இப்படித்தான் ஒரு ஜோடி இருந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து டிரைவர் முருகையனுக்குப் படித்தது அவர் மனைவியின் தம்பி பாலு. கணீரென்ற குரல். டீக்கடையில் பேப்பரைப் பிரித்தால், “டேய் பாலு, படிடா” என்று அவனிடம்தான் நீட்டுவார்கள். அவனும் சினிமா விளம்பரம் வரைக்கும் விடாமல் படிப்பான்.

அந்தத் தை மாதம் அறுக்கிற நேரத்தில் மழை கொட்டித் தீர்த்தது. சம்பா சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. முளைப்பதற்குள் அறுத்தாக வேண்டும், மேலே திரும்பவும் கருக்கிறது. வயல்காரர் வரப்பில் நின்று, “என்னய்யா, வண்டி ஓட்ட வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?” என்று முருகையனை வைதுகொண்டிருந்தார். ஈர வைக்கோல் கத்தியில் சுற்றி அடைத்துக்கொண்டது. பழைய வண்டியில் லிவரைத் தள்ளினால் கத்தி நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் முருகையன் லிவரை மட்டும் தள்ளிவிட்டு இறங்கினார். ஆனால் இது புது வண்டி. லிவரைத் தள்ளினாலும், இன்ஜின் ஓடுகிற வரைக்கும், அடைப்பு விலகியதும் கத்தி ஒரு தரம் பாயும். நீலத்துக்குப் பின்னால் இருந்த பக்கம் சொன்னது இதைத்தான்.

“மூடியைக் கழற்றவும்” என்று படித்தான் பாலு.

“கழட்டியாச்சு மாப்ள.”

“அடைப்பை நீக்கவும்.”

முருகையன் கையை உள்ளே விட்டார். கத்தி பாய்ந்தது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. மற்றவை வைக்கோலோடு போய்விட்டன. பாலு சேற்றில் முழங்காலிட்டு அவற்றைத் தேடித் துழாவினானாம்.

சேதி வந்ததும் மேலாளர் என்னை அனுப்பினார். “நீங்க போய்ப் பேசுங்கம்மா. பொம்பளன்னா கை வைக்க மாட்டாங்க.” என்ன ஒரு ஞானம்!

நான் போய் இறங்கியபோது ஆஸ்பத்திரி வாசலில் பாலுவைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். முருகையனின் அண்ணன் அவன் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். உதடு கிழிந்து, சட்டை முழுக்க ரத்தம். அவன் ரத்தம் எது, மாமன் ரத்தம் எது என்று தெரியவில்லை. “தப்புத் தப்பா படிச்சுக் கைய எடுத்துட்டியேடா, பாவி!” என்று மிதி. “போட்டிருந்தத அப்படியேதான் படிச்சேன்” என்று அவன் ஒவ்வொரு மிதிக்கும் சொன்னான். அவன் அக்கா தமிழரசி கீழே உட்கார்ந்திருந்தாள். தடுக்கவில்லை. அவளும் அவனை நம்பவில்லை.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நடுவில் புகுந்து அந்த அண்ணன் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினேன். கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். “நீங்க படிங்க. சத்தமா படிங்க.”

மூச்சு வாங்கப் படித்தார். “மூடியைக் கழற்றவும். அடைப்பை நீக்கவும். மூடியை மாட்டவும்.”

“வேற ஒண்ணும் தெரியலியா?”

“நீலமா இருக்கு. அதுக்கென்ன?”

அந்த நீலத்தை நான் தொட்டேன். பக்கம் திறந்தது. இன்ஜினை நிறுத்தாமல் கத்தியில் கை வைக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அண்ணன் அதை மெல்லப் படித்து முடித்தார். பாலுவின் முடியைப் பிடித்திருந்த கை தானாக விழுந்தது. தமிழரசி எழுந்து வந்தாள். விட்டாள் ஓர் அறை, என் கன்னத்தில். காது கொய்யென்றது.

“உசுர் போற சங்கதிய உள்ள வச்சுப் பூட்டிட்டு, மேல கலர் பூசி விட்டீங்களா? கலர எப்படிடி வாயால படிக்கிறது?”

நான் எழுதியிருந்த வரியை அழித்தவர் மேலாளர். அந்த அறை என்னுடையதல்ல, வழியில் நான் வாங்கிக்கொண்டு வந்தது. சேர வேண்டிய இடத்தில் சேர்த்தேன். ஆபீசுக்குப் போய், மேலாளர் மேசையில் இருந்த இரும்புப் பேரிங்கைத் தூக்கி அவர் மானிட்டரில் எறிந்தேன். கண்ணாடி அவர் மடியில் கொட்டியது. “தொட்டுப் பாத்துக்குங்க சார்” என்றேன். அன்றோடு என் வேலை போயிற்று. அந்தப் பக்கத்தை மட்டும் மறுநாளே மாற்றிவிட்டார்களாம், நான் எழுதியிருந்தபடியே.

இப்போது எல்லாம் வீடியோ. வரப்பில் நின்று யாரும் படிப்பதில்லை. முருகையன் இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார். அவருடைய அண்ணன், பாலுவின் காலில் விழுந்து அழுதார், எல்லாம் சமாதானமாயிற்று. தமிழரசிக்கும் எனக்கும்கூட இப்போது போன் பேச்சு உண்டு. பாலு கத்தாரில் இருக்கிறான். வாரா வாரம் அக்காவைக் கூப்பிட்டு மணிக்கணக்கில் பேசுகிறான், சிரிக்கிறான், மாமாவைக் கேலி செய்கிறான். ஆனால் எழுத்தில் உள்ள எதையும் வாய்விட்டுப் படிக்க மாட்டேன் என்கிறான். போன மாதம் தமிழரசி தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை அவனுக்கு அனுப்பினாள். தாய்மாமன் என்று அவன் பெயரும் போட்டிருந்தது. “ஒருதரம் உன் வாயால படிடா, மாமா கேக்கணுங்கிறாரு” என்று கெஞ்சினாளாம்.

“வேற யாரையாவது படிக்கச் சொல்லுக்கா” என்று போனை வைத்துவிட்டான்.