டிக்கெட் எடுக்காமல் வந்தவள்

மற்ற வீடுகளில் ஆள் செத்த பிறகுதான் அழுவார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் முன்கூட்டியே அழுது வைக்க ஒருத்தி இருந்தாள். அதுவும் வெள்ளைக்காரி. மலேசியாவில் சுவா டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் வேறு எந்தக் குடும்பத்துக்கும் இந்த வசதி கிடையாது என்பதால், பள்ளிக்கூடத்தில் நான் இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வேன். பெருமைப்பட என்னிடம் வேறு எதுவும் இல்லை. கணக்கில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்தால் அவளே இறங்கி வந்து அழுதிருப்பாள்.

முதலில் வெள்ளை மிஸியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் நர்ஸை மிஸி என்போம். நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன அந்த மிஸி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க அயர்லாந்திலிருந்து இளம்பெண்ணாகக் கப்பலேறி வந்தவர். அவரை இங்கிலீஸ்காரி என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் ரத்தமாய்ச் சிவந்துவிடுமாம். “நான் ஐரிஸ். எங்க ஊரையும் அவனுங்கதான் புடிச்சி வச்சிருந்தானுங்க” என்று நம் தமிழிலேயே திட்டுவாராம். அவருடைய பாட்டன் காலத்தில் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போய்ப் பஞ்சம் வந்து, ஜனங்கள் பாதையோரத்தில் புல்லைத் தின்று செத்தார்களாம். பிழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆளுக்கொரு கப்பல் ஏறினார்கள். மிஸியின் அக்கா அமெரிக்காவுக்கு, அண்ணன் ஆஸ்திரேலியாவுக்கு, இவர் ரப்பர் காட்டுக்கு. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்ட ஆட்களுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. பஞ்சம், கப்பல், துரை எல்லாம் அவர்கள் வீட்டுக் கதைதான். தோல் நிறம் மட்டும் கொஞ்சம் இடித்தது.

புரியாத சங்கதி ஒன்று உண்டு. மிஸியின் குடும்பத்தோடு தலைமுறை தலைமுறையாக ஒருத்தி கூடவே வந்துகொண்டிருந்தாளாம். மனுஷி இல்லை. பேய் என்றும் சொல்ல முடியாது. யாரையும் பிடிப்பதில்லை, கோழி கேட்பதில்லை. எங்காவது உட்கார்ந்து நீள முடியைச் சீவிக்கொண்டிருப்பாள். அந்த ரத்தத்தில் பிறந்த யாராவது சாகப்போகிறார்கள் என்றால் அழுவாள். பக்கத்து வீட்டில் குடும்பமே செத்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். “நான் அவளுக்கு டிக்கெட் எடுக்கல. அவளாவே ஏறி வந்துட்டா” என்று மிஸி சொன்னது எஸ்டேட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

மிஸி ஊர் திரும்பவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பழைய ஆஸ்பத்திரி இருந்த மேட்டிலேயே அவரைப் புதைத்து, தோட்டத்துக் கிறிஸ்தவர்கள் சிமெண்டில் ஒரு சிலுவை வைத்தார்கள். அவர் ஊர் வழக்கப்படி சிலுவையைச் சுற்றி ஒரு வளையம். அதைச் சாமிக்குப் பின்னால் வைக்கும் திருவாச்சி என்று நினைத்த நம்மவர்கள் நடுவில் குங்குமம் வைத்தார்கள். யாரும் யாரையும் திருத்தவில்லை.

மிஸியோடு அழுகிறவளின் வேலையும் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. போர்டிக்சன் ரோட்டில் பெரியப்பா லாரியில் அடிபடுவதற்கு முந்தைய நாள் மேட்டில் அழுகை கேட்டது. அப்பாவின் கடைசித் தங்கை காய்ச்சலில் போனபோதும் அப்படியே. ஊர் யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தது. என் தாத்தா அந்த ஆஸ்பத்திரியில்தான் பிறந்தார். பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாளாம். மிஸிதான் குழந்தையை லயத்தில் பிள்ளை இல்லாத ஒரு தம்பதியிடம் கொடுத்து வளர்க்கச் சொன்னாராம். பிறகு தாத்தாவுக்கு ஆஸ்பத்திரியிலேயே வேலையும் கொடுத்தார். ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க வந்தபோது, அவரைத் தனி அறையில் போட்டு, வாசலில் காலரா என்று எழுதித் தொங்கவிட்டு, கையை விரித்து நின்றவரும் மிஸிதான். அவ்வளவு பழகிய குடும்பம் என்பதால் அழுகிறவள் வீடு மாறி எங்களுக்கு அழுகிறாள் என்றது ஊர். பாவம், வயதாகிவிட்டது, வழி தவறிவிட்டாள். நானும் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்வேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அத்தை வயிற்று வலியில் படுத்தார். அப்பாவின் அக்கா, புருஷன் போன பிறகு எங்களோடு இருந்தார். செம்பட்டை முடி, பூனைக்கண், கன்னமெல்லாம் பழுப்புப் புள்ளி. எண்ணெய் காணாத தலை என்று அம்மா பிடித்து உட்காரவைத்து எண்ணெயை ஊற்றிப் பின்னுவார். முடி கறுக்கவே இல்லை. தோட்டத்து டிரெஸர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, உடனே சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆப்பரேசன் செய்யாவிட்டால் பிழைக்க மாட்டார் என்றார்.

மறுநாள் காலையில், பெரட்டுக்கு ஆட்கள் வரிசையாய் நின்று பேர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பனிக்குள்ளிருந்து அந்த அழுகை வந்தது. எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதோடு அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். “அவளே அழுதுட்டா. இனிமே என்னாத்துக்கு ஆஸ்பத்திரி? என்னை வீட்லயே சாவ விடுங்க.” அம்மா கெஞ்சினார். அப்பா கத்தினார். தாத்தா மட்டும் வாசல் பெஞ்சில் சுருட்டைப் பிடித்துக்கொண்டு மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரம்பான் பக்கத்து ராசாவிலிருந்து என் மாமா, அம்மாவின் தம்பி, இரவல் காரோடு வந்து சேர்ந்தார். லாரி ஓட்டுபவர். லாரி ஹார்னைத் தவிர எந்தச் சத்தத்துக்கும் மதிப்புக் கொடுக்காதவர். ஒரு பால்மாவு டின்னின் அடியில் ஓட்டை போட்டு, மெழுகு தடவிய நூலைக் கோத்து, ஈரத்துணியால் இழுத்துக் காட்டினார். டின் பொம்பளை மாதிரி ஊளையிட்டது.

“நீ இன்னைக்கி மேட்டுக்குப் போயி இதை இழு. நான் ஒன் அத்தை பக்கத்துல நிப்பேன். அப்புறம் ஒன்னைப் புடிச்சி இழுத்துட்டு வந்து, காலைலயும் இவந்தான்னு சொல்லிடுறேன். அத்தை எந்திரிச்சி கார்ல ஏறிரும்.”

“காலைல நான் இல்ல மாமா!”

“அது எனக்குத் தெரியும்லா. ஊர்ல வேற யாரு நம்பப்போறா?”

நியாயம்தான். வேலை வாங்கும் மண்டோரின் மழைக்கோட்டுப் பைக்குள் தவளை வைத்தவன் நான். ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி வீட்டு வான்கோழிக்குக் கிராணியின் டை கட்டிவிட்டவன் நான். இப்படிப்பட்ட நற்பெயரை வைத்துக்கொண்டு எதை மறுக்க முடியும்? அடி விழுமே என்றேன். விழும், அப்புறம் உள்ளே கறி வைத்துப் பொரித்த கறிபாப் வாங்கித் தருகிறேன் என்றார் மாமா. உயிரைக் காப்பாற்றும் வேலைக்கு இதைவிட மலிவான கூலிக்காரனை அவர் பார்த்திருக்க மாட்டார்.

சாயங்காலம் ஆவதற்கு முன்பே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ரப்பர் மரங்களுக்கிடையே வெளிச்சம் பாசிக் குளத்தில் மூழ்கியது போலப் பச்சையாய் இருந்தது. காற்றே இல்லை. எங்கோ ஒரு ரப்பர் கொட்டை படீரென்று வெடிக்கும். அப்புறம் அமைதி முன்பைவிடக் கெட்டியாகும். பழைய ஆஸ்பத்திரிக்குக் கூரை இல்லை. சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து, டின்னை மடியில் வைத்து, நூலை இழுத்தேன். ஆடு தும்மியது மாதிரி ஒரு சத்தம். நூல் அறுந்துவிட்டது.

அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அது கேட்டது. காய்ந்த முடிக்குள் சீப்பு இறங்குகிற சத்தம். மெதுவாக, ஒரே சீராக.

எட்டிப் பார்த்தேன். மிஸியின் சிலுவைத் திட்டின் மேல் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அத்தை உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தார். செம்பட்டை முடி திட்டைத் தாண்டித் தரையில் கிடந்தது. எனக்குப் பயமே வரவில்லை, கோபம்தான் வந்தது. வயிற்று வலி என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும் வித்தையில் எனக்கே நல்ல தேர்ச்சி உண்டு. பெரியவர்களும் அதைச் செய்வார்கள் என்பதுதான் புதிது.

“அத்தே! இங்க என்னா செய்றீங்க?”

சீப்பு நின்றது. தலை திரும்பவில்லை. முதலில் குழந்தையைத் தூங்கவைக்க முனகுவது போல ஒரு சத்தம். அது அப்படியே ஏறியது. ஏறிக்கொண்டே போனது. என் மடியிலிருந்த டின், நூல் அறுந்த டின், அந்தச் சத்தத்துக்குத் தானாக அதிர்ந்தது. டின்னை அணைத்துக்கொண்டு நான் வீரத்தோடு ஓட ஆரம்பித்தேன். ஒரு சிலிப்பர் இன்னமும் அங்கேதான் கிடக்க வேண்டும்.

அடிவாரத்தில் மாமா என் சட்டையைப் பிடித்தார். “பிச்சிட்டடா! காட்டுனதவிட நல்லா இழுத்தியே!” என்று காதில் சொல்லிவிட்டு, ஊர் பார்க்க முதுகில் ஒன்று வைத்து வீட்டுக்குள் தள்ளினார்.

பாயில் அத்தை படுத்திருந்தார். அம்மா எண்ணெய் வைத்துப் பின்னிய பின்னல் கலையாமல் மார்பில் கிடந்தது.

“சொல்லுடா. காலைலயும் நீதானே?” என்றார் மாமா.

ஆமாம் என்று தலையாட்டினேன். அப்பா பெல்ட்டைக் கழற்றினார். அப்போது தாத்தா எழுந்து உள்ளே வந்து அப்பாவின் கையைப் பிடித்தார். டின்னை வாங்கி, அறுந்த நூலை விரலில் சுற்றிப் பார்த்தார்.

“மேல யாரு இருந்தா?”

“அத்தை” என்றேன். மாமா, பயல் பயத்தில் உளறுகிறான் என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“முடி என்னா நெறம்?”

“அத்தை நெறந்தான் தாத்தா. ஆனா எண்ணெயே இல்ல. தரை வரைக்கும் கெடந்துச்சி.”

தாத்தாவின் முகத்தில் அன்று நான் பார்த்ததை இன்றுவரை வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. தொலைந்துபோன பிள்ளைக்குத் தூரத்தில் தன் வீட்டு விளக்கு தெரிந்தால் அப்படி இருக்குமோ என்னவோ. அத்தையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பின்னலைத் தடவினார்.

“ஒனக்கு இல்லம்மா. எனக்குத்தான். நீ போயி ஆப்பரேசன் பண்ணிட்டு வா.”

“அப்பா!”

“சொல்றேன்லா. கார்ல ஏறு.”

அத்தை அவர் பேச்சைத் தட்டியதே இல்லை. ஏறினார். கார் போனதும் தாத்தா குளித்து, முகம் மழித்து, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். என்னிடம் கறிபாப் கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். மாமாவை நம்பாதே என்றார்.

விடிந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. மேட்டில், வளையம் வைத்த சிலுவையில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். உடம்பு குளிர்ந்துவிட்டது. அவர் ஆயுசில் தலை சீவியவர் இல்லை. துண்டால் துடைத்தால் முடிந்தது. அன்றைக்கு அந்த வெள்ளை முடி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் பிள்ளைக்குச் சீவியது போல, பக்கவாட்டில் வகிடெடுத்துப் படிந்திருந்தது. பக்கத்தில் சீப்பு இல்லை. அம்மா தேடினார்.

மிஸியின் காலடியில் தன்னைப் புதைக்க வேண்டும் என்று தாத்தா எப்போதோ அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தாராம். இந்து ஆளைச் சிலுவைக்குக் கீழேயா என்று பெரிய சண்டை வரும் என நான் ஆவலோடு காத்திருந்தேன். பந்தியில் இலை போடுவதற்கே சண்டை பிடிக்கும் ஊர் அது. ஒரு ஆள்கூட வாயைத் திறக்கவில்லை. லயத்துக் கிழவிகள் வரிசையாக வந்து, முதலில் மிஸியின் சிலுவையைத் தொட்டுவிட்டு, அப்புறம் தாத்தாவுக்கு மண் போட்டார்கள். தாயிடம் துக்கம் விசாரிக்கிற முறையில் போகிறார்கள் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. பசியில் நின்றுகொண்டிருந்தேன்.

அத்தை தையலோடு திரும்பி வந்து, பல வருஷம் இருந்து, என்னை நிறையத் திட்டிவிட்டுத்தான் போனார். எஸ்டேட் இப்போது இல்லை. மேட்டைச் சுற்றி எண்ணெய்ப்பனை. ராசாவில் என் மகளுக்கு முடி வெட்டும் பெண், வெயிலில் அதைத் தூக்கிப் பார்த்து, எந்தக் கம்பெனி சாயம் என்று கேட்கிறாள்.

தாத்தாவின் அப்பா யார் என்று எங்களுக்குத் தெரியாது. அழுகிறவள் அதைச் சொல்லவில்லை. அவருடைய அம்மா யார் என்பதைத்தான் ஒவ்வொரு சாவுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். தன் ரத்தத்துக்கு மட்டும்தான் அழுவாள் என்று பத்து வயதில் நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதே மூச்சில், வழி தவறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்றும் சொல்வேன். அவள் ஒரு தடவைகூட வழி தவறியதில்லை.