எங்கள் அத்தான் நடத்திய நீதிபதித் தேர்தல்

நீதிபதியாவதற்கு எத்தனை வாக்கு வேண்டும் என்று என்னை முதலில் கேட்டவர் மீன்கடைக்காரர். விளமீனுக்குச் செதில் தட்டிக்கொண்டே, தன் வீட்டு வாக்கெல்லாம் எனக்குத்தான் என்றார். எனக்குத் தலை சுற்றியது. கனடாவில், ஸ்காபரோவில் விவாகரத்து, பிள்ளைப் பொறுப்பு வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணி நான். குடும்ப நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு விண்ணப்பித்திருந்தது உண்மை. ஆனால் இங்கே நீதிபதிக்கு யாரும் வாக்குப் போடுவதில்லை. ஒரு குழு விசாரித்துச் சிபாரிசு செய்யும், அரசாங்கம் நியமிக்கும். அதுவரை விண்ணப்பித்தவர் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை. நான் மூடிக்கொண்டுதான் இருந்தேன். அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

அக்காவிடம் சொன்னால் அத்தானிடம் சொன்ன மாதிரி. அத்தானிடம் சொன்னால் ரேடியோவில் சொன்ன மாதிரி.

ஆனால் அந்த வருடம் அத்தான் அப்படி இல்லை. ஈழத்தில் போர் முடிந்த வருடம் அது. வசந்தம் முழுவதும் போரை நிறுத்தச் சொல்லிப் பதாகையோடு தெருவில் நின்றவர், மே மாதம் எல்லாம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து டிவியை நிறுத்தினார், பேச்சையும் நிறுத்தினார். காலையில் பிளாசாவில் இருக்கும் தன் புடைவைக்கடையைத் திறப்பார், மாலையில் பூட்டுவார், அவ்வளவுதான். அழவும் இல்லை. மனுசன் ஒரு பகிடி விட்டுச் சிரித்து எவ்வளவு காலம் என்று அக்காதான் என்னிடம் அழுவாள். அப்படிப்பட்டவர் என் செய்தியைக் கேட்டதும் எழும்பிப் போய்ச் சேர்ட்டை அயன் பண்ணினாராம்.

நகரசபைத் தேர்தல், கல்விச்சபைத் தேர்தல் என்று எந்தத் தமிழர் நின்றாலும் வீடு வீடாகப் போனவர் அவர். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். தன் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில், தலை நிறையப் பூவும் பட்டுச்சேலையுமாக நான் நின்ற படத்தைப் பெரிதாக அடித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். பிறகு கூட்டாளிமாரைச் சேர்த்துக்கொண்டு வோபர்ன் பக்கத்து அடுக்குமாடிகளில் ஏறி இறங்கினார்.

அங்கேதான் சிக்கல். குடும்ப வழக்குப் பார்க்கிறவளுக்கு வாக்குக் கேட்டுப் போனால் எந்த வீடு உருப்படியாக இருக்கும்? ஒரு வீட்டில் நான் வென்று கொடுத்த மனைவி தேத்தண்ணி கொடுப்பா, அடுத்த வீட்டில் என்னிடம் தோற்ற புருசன் கதவை அடிச்சுச் சாத்துவார். ரூஜ் பகுதியில் ஒருவர் அத்தானை வாசலிலேயே நிறுத்திவைத்துத் திட்டித் தீர்த்திருக்கிறார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகள் தாயோடுதான் இருக்கவேண்டும் என்று அவருக்கு எதிராக வாதாடி வென்றவள் நான்.

கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த என் மூஞ்சியைக் கண்டதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கடைக்குள் போய், வாடிக்கையாளர் நிற்கிறார்கள் என்றும் பாராமல் பொரிந்து தள்ளினேன். போஸ்டர் ஒட்டுகிற நீதிபதியை எந்தக் குழு தெரிவு செய்யும்? எத்தனை வருட உழைப்பு, எல்லாம் நாசம் என்றேன். அத்தான் சேலையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நாங்கள் என்னதான் செய்யிறது, பிள்ளை?"

"ஒண்டும் செய்யாதேங்கோ அத்தான். அதுதான் எனக்குப் பெரிய உதவி."

சொன்ன பிறகுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் செய்ய முடியாது என்று அந்த வருடம் முழுக்க எல்லோரும் அவருக்குச் சொன்னதைத்தான் நானும் சொல்லியிருந்தேன். அவர் ஏணியை எடுத்துவந்து படத்தைத் தானே கிழியாமல் உரித்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

சில வாரங்களில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். நான் பயந்தபடியே குழுத் தலைவி அம்மையார் போஸ்டர் விசயத்தை எடுத்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்னிடம் ஒரு வழக்கில் தோற்ற தகப்பன் ஒருவர் தங்களைத் தொடர்புகொண்டதாகச் சொன்னார். ரூஜ்காரர்! சரி, இதோடு என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

படத்தை உரித்த பிறகும் அத்தான் சும்மா இருக்கவில்லையாம். தட்டிய கதவையெல்லாம் திரும்பத் தட்டி, வாக்கு ஒன்றும் இல்லை, பிழை என்னுடையது, பிள்ளையில் குறை நினைக்காதேங்கோ என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். திட்டிய மனுசனிடமும் போயிருக்கிறார். வாக்கு இல்லையென்றால் பிறகு யார் முடிவெடுப்பது என்று அத்தானிடம் கேட்டு வைத்துக்கொண்ட ரூஜ்காரர், குழுவுக்குத் தானே போன் எடுத்திருக்கிறார். தலைவி தன் குறிப்பைப் பார்த்து வாசித்தார். வாக்கு இருந்திருந்தால் இவவுக்கு எதிராகத்தான் போட்டிருப்பேன். ஆனால் வழக்கு நடந்த காலம் முழுக்க என்னைப் பற்றி ஒரு பொய்கூட இவ சொல்லவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றாராம்.

நியமனச் செய்தி வந்த அன்று நேரே கடைக்குப் போனேன். அத்தான் பொம்மைக்குக் கூறைச்சேலை உடுத்திக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கமுதல் என் முகத்தைப் பார்த்து, கையில் முந்தானையோடு அப்படியே நின்றார்.

"வெண்டிட்டமோ?" என்றார்.

வோட்டே இல்லாத தேர்தலில் என்ன வெற்றி, என்ன தோல்வி என்று விளக்கம் சொல்ல என் சட்டவாய் துடித்தது. அதை விழுங்கிக்கொண்டேன்.

"ஓம் அத்தான். வெண்டிட்டம்."

அவர் அப்படியே சேலைக்கட்டுகளின் நடுவே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். மே மாதத்தில் அழாத மனுசன், அன்றைக்குக் கடை நிறையச் சனம் பார்த்திருக்க, சிரித்துச் சிரித்து அழுதார்.