ரங்கூனுக்குப் போன குரல்

அன்று பேசியது நான்தான் என்று என் தம்பிக்குத் தெரிந்ததா, இல்லையா? இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

என் கணவருக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் மேற்பார்வை வேலை. தம்பியும் அங்கேதான் இருந்தான். ஓய்வு நேரத்தில் இருவருமாகச் சேர்ந்து, லைசென்ஸ் வாங்கி, கம்பியில்லாமல் பேசவும் கேட்கவும் ஒரு சின்னப் பெட்டி செய்திருந்தார்கள்.

தோலை முதலில் நீர்த்த ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகுதான் கெட்டித் தண்ணீருக்கு மாற்றவேண்டும். அவசரப்பட்டால் மேலே இறுகிவிடும். உள்ளே பச்சையாகவே நிற்கும். தம்பி அப்படி ஒரு தொட்டித் தோலைக் கெடுத்துவிட்டான். இவர் கூலியாட்கள் முன்னால் அவனைக் கேவலமாகப் பேசிவிட்டார். அவன் ரங்கூனுக்குக் கப்பலேறினான். என் கடிதங்களுக்குப் பதில் இல்லை.

ஆனால் ஞாயிறு மாலைகளில் அவன் குரல் எங்கள் வீட்டில் கேட்டது. அங்கே பெரிய கருவி வைத்துக்கொண்டு, கொழும்பிலிருக்கும் தமிழ் நண்பர் ஒருவரோடு பேசுவான், சிரிப்பான். நாங்கள் கூப்பிட்டால் அவனுக்கு எட்டாது. என் மகளுக்கோ காது குத்தும் வயது தாண்டிக்கொண்டிருந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது?

இவர் ஒரு பெருக்கிப் பெட்டி செய்தார். சின்னப் பெட்டியின் குரலை வாங்கிப் பல மடங்காக்கி அனுப்பும். குழந்தை அதில் கை வைத்துவிடுவாளோ என்று நான் அவளை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. வீட்டுச் சேதி பேசுவது லைசென்ஸுக்கு விரோதமோ என்ற பயம் வேறு.

சின்னப் பெட்டியின் திருகை இவர் கடைசிவரை திருப்பினார். அளவு காட்டும் முள் துள்ளியது.

"இன்னாங்க, கொஞ்சம் கம்மியா வெச்சா ஆவாதா?"

"ரங்கூன் இன்னா, வாணியம்பாடியா? ஜாஸ்தி வெச்சாத்தான் போவும். நீ பேசு."

"தம்பி, அக்கா பேசறேன்டா. பாப்பாவுக்குக் காது குத்தணும். வந்துட்டுப் போடா. மாமா ஒண்ணும் மனசுல வெச்சிக்கல."

கேட்கும் பக்கம் மாற்றினோம். தம்பி கொழும்புக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "யாரோ ரொம்ப பலமா வர்றாங்க. ஒரு வார்த்தை புரியல. மேல இறுகிப்போயி, உள்ள பச்சையாக் கெடக்கு." சிரித்தான். பிறகு அவன் குரல் இல்லை.

சில நாளில் இவரே காரணத்தைக் கண்டுபிடித்தார். பெருக்கிப் பெட்டி ஓர் அளவுக்குத்தான் தாங்கும். அதற்குமேல் ஊட்டினால் குரல் நசுங்கிவிடும். சின்னப் பெட்டியை நன்றாகக் குறைத்து வைத்திருக்கவேண்டும்.

"தோலுக்குத் தெரிஞ்சது இதுக்குத் தோணலியே," என்றார்.

இப்போது எங்கள் குரல் தெளிவாகப் போகிறது. கொழும்பு நண்பரே பதில் தருகிறார். தம்பியைக் கேட்டால், "அவர் இப்ப வாறதில்லை அக்கா" என்கிறார்.

தோல் வேலை பார்த்தவன் வாயில் அந்தப் பேச்சு பழக்கத்தில் வந்ததா? மாமாவுக்கென்றே எறிந்ததா? நான் இவரைப் பற்றிய பேச்சை எடுக்காமல் இருந்திருக்கவேண்டுமோ? ஆனால் வார்த்தைதான் போய்ச் சேரவில்லையே.

பாப்பாவுக்கு இன்னும் மூளிக்காதுதான். என் ஒன்றுவிட்ட தம்பி மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்கிறார் மாமியார். அப்படிச் செய்தால், இனி வரவேண்டாம் என்று ரங்கூன் தம்பியிடம் நானே சொன்னதாக ஆகிவிடாதா? காத்திருந்தால் மட்டும் வருவானா? இதைப் படிக்கும் தாய்மார்களே, உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்திருந்தால் என்ன செய்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.